தொடுதிரையில் ஆர்டர்: இரண்டரை ஆண்டு அனுபவம்

திருச்சியில் கோழி வறுவலும் பர்கரும் விற்கும் ஒரு நிறுவனத்தின் பிரான்சைஸ் கிளையை 7 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வாடிக்கையாளரே ஆர்டர் கொடுத்துப் பணமும் கட்டிவிடும் தொடுதிரை எந்திரங்கள் இரண்டை, தலைமை அலுவலகம் சொன்னபடி நிறுவி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. வாங்கலாமா என்று வேறு கிளைக்காரர்கள் அடிக்கடி கேட்பதால், வாடிக்கையாளரின் மனக்குறை இவற்றால் எங்கே குறைந்தது, எங்கே இடம் மாறிக்கொண்டது என்பதை எழுதுகிறேன்.

ஆர்டர் தவறாகப் போவது நன்றாகவே குறைந்தது. இரைச்சலுக்கு நடுவே ‘மயோனைஸ் வேண்டாம்’ என்று சொன்னது ஊழியரின் காதில் விழாமல் போய்ப் பிறகு வரும் சச்சரவு, வாடிக்கையாளரே திரையில் அதை நீக்கிக்கொள்வதால் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. விலையில்தான் சிக்கல் வந்தது. 199 ரூபாய் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவருக்கு, 5 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து கடைசித் திரையில் 209 ரூபாய் என்று வந்தால் முகம் சுருங்குகிறது. இதையே கவுன்டரில் ஓர் ஆள் சொன்னால் தலையசைத்துக் கட்டுகிறவர், எந்திரம் சொன்னால் ஏமாந்ததாக நினைக்கிறார். வரி சேர்த்த விலையை முதலிலேயே காட்டச் சொல்லி நான் கேட்டு, எட்டு மாதம் கழித்துத்தான் மாற்றிக் கொடுத்தார்கள்.

பெரிய தலைவலி டோக்கன் பலகைதான். ஒவ்வோர் ஆர்டரும் எத்தனை நொடியில் முடிந்தது என்று தலைமை அலுவலகம் கணக்கெடுப்பதால், சமையலறையில் கோழி இன்னும் எண்ணெயில் இருக்கும்போதே பையன்கள் ‘தயார்’ பொத்தானை அழுத்திவிடுவார்கள். பலகையில் எண் மின்னும், வாடிக்கையாளர் எழுந்து வருவார், தட்டு இருக்காது. ஒரு ஞாயிறு மாலை, பேத்தியைக் கையில் பிடித்திருந்த பெரியவர் ஒருவர் டோக்கன் சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, “நம்பர் வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு தம்பி, சாப்பாடு எங்க?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வந்த டெலிவரி ஆட்கள் இருவர் அதற்குள் பொட்டலம் வாங்கிப் போயிருந்தார்கள். காத்திருப்பதைவிட, பின்னால் வந்தவர் முன்னால் போவதுதான் மனிதரைச் சுடுகிறது என்பது எனக்கு அன்று உறைத்தது. தட்டு கவுன்டருக்கு வந்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, டெலிவரிப் பொட்டலங்களைப் பக்கவாட்டு ஜன்னலுக்கு மாற்றினேன். எங்கள் சராசரி நேரம் கெட்டு, விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது உண்மை. ஆனால் கவுன்டரில் குரல் உயர்வது அடங்கியது.

திரையால் பதில் சொல்ல முடியாத கேள்விகளும் உண்டு. புரட்டாசியில் கோழி விற்பனை விழுந்து உருளைக்கிழங்கு, பனீர் வகைகள் ஓடும்போது, “கோழி பொரிச்ச எண்ணெயிலயேதான் இதையும் போடுறீங்களா?” என்று கேட்காத குடும்பம் இல்லை. திரையில் உள்ள பச்சைப் புள்ளியை அவர்கள் நம்புவதில்லை. தனிச் சட்டியைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிறார்கள். பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அது கெட்டு உருவாகும் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதற்கான அன்றாட அளவைத் தாளையும் கவுன்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். படிக்கிறவர் சிலரே என்றாலும், அது அங்கே இருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

என் கிளை அளவுக்கு ஓர் எந்திரமே போதும். இரண்டாவதுக்கான செலவில், திரைக்கு அருகே நின்று உதவ ஓர் ஆளை வைத்திருக்கலாம். ரசீதுத் தாள் தீரப்போகிறது என்று எங்கள் எந்திரம் முன்கூட்டிச் சொல்வதே இல்லை. பணத்தை எடுத்துக்கொண்டு சீட்டைத் தராமல் நின்றுவிடும். கூட்டம் 7 மணிக்குத் தொடங்குவதால், ஆறரைக்கே நானே திறந்து சுருளை மாற்றிவிடுகிறேன்.