புறநகர்ப் பேரங்காடி ஒன்று: தையலுக்குப் போகலாம், மேல்மாடிக்கு வேண்டாம்

கோலாலம்பூரின் தென்புறத்தில், வீடமைப்புப் பகுதிகளுக்கு நடுவே 1990களில் எழுந்த இந்த நான்கு மாடிப் பேரங்காடியைப் பெயர் சொல்லாமலேயே அக்கம்பக்கத்தார் அறிந்துகொள்வார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இதன் நடுக்கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது என்றிருந்த காலம் போய், இன்று இரண்டாம் மாடிக்கு மேல் பெரும்பாலான கடைகளின் இரும்புக் கதவுகள் இறக்கப்பட்டே கிடக்கின்றன. ஆயினும் இதைக் கைவிட வேண்டாம் என்றே சொல்வேன்.

முதற்காரணம் கீழ்த்தளத்துத் தையற்கடை. அங்குள்ள அக்கா அளவு ரவிக்கையை மேசைமீது விரித்து, கைக்குழியையும் கழுத்தின் இறக்கத்தையும் நாடாவால் அளந்து, நம்மிடம் ஒருமுறை கேட்டு உறுதிசெய்த பிறகுதான் ரசீது எழுதுகிறார். உள்துணியை முதலில் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுவதால், துவைத்ததும் சுருங்கித் தைத்த இடம் இழுத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. இத்தகைய பொறுமையைப் பெரிய பேரங்காடிகளின் வாடகை அனுமதிக்காது. அருகிலுள்ள கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையும் பள்ளிச் சீருடைக் கடையும் நம்பத்தக்கவை.

குறைகள் கடுமையானவை. இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று நெடுநாளாக இயங்கவில்லை; நகரும் படிக்கட்டு பாதி நேரம் நின்றே இருக்கிறது; மேல்மாடிக் கழிப்பறைக்கு முதியவர்களை அழைத்துச் செல்ல மனம் வரவில்லை. 1999இல் மிட் வேலி மெகாமால் திறந்ததும் கூட்டம் அங்கே நகர்ந்தது உண்மைதான், ஆனால் அதை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. மிட் வேலியின் கடைகள் ஒரே நிர்வாகத்தின் கையில் இருப்பதால் எந்த மாடியில் எந்தக் கடை என்பதை அதனால் தீர்மானிக்க முடிகிறது. இங்கோ, கட்டிய நிறுவனம் கடைகளை ஸ்ட்ராட்டா பட்டாவில், அதாவது ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு கடைக்கும் தனி உரிமைப் பத்திரம் தரும் முறையில், ஒவ்வொன்றாக விற்றுவிட்டது. வாங்கியவர்களில் பலர் கடையைப் பூட்டிவிட்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் செலுத்துவதில்லை. கட்டணம் வராததால் மின்தூக்கி பழுதாகிறது, மின்தூக்கி பழுதானதால் வாடிக்கையாளர் வருவதில்லை, வாடிக்கையாளர் வராததால் இன்னொரு கடை மூடப்படுகிறது.

இப்படித் துண்டுதுண்டாக விற்கப்பட்ட கட்டடத்தை மொத்தமாக விற்பதும் எளிதன்று. கோலாலம்பூரில் 1973இல் திறக்கப்பட்ட அம்பாங் பார்க் பேரங்காடியிலும் கடைகள் தனித்தனி உரிமையாளர்களிடமே இருந்தன. எம்ஆர்டி எனும் நகர ரயில் தடத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது அவர்களில் பலர் நீதிமன்றம் வரை சென்று போராடினார்கள், 2017 இறுதியில் அந்தப் பேரங்காடி மூடப்பட்டது. ஆனால் அதே உரிமைதான் எங்கள் தையற்கடை அக்காவையும் காப்பாற்றி வைத்திருக்கிறது: சொந்தக் கடை என்பதால் வாடகை உயர்ந்து அவர் வெளியேற வேண்டிய நிலை வரவில்லை. நிர்வாகக் குழுவினர் நிலுவைக் கட்டணத்தை வசூலிப்பதில் உறுதியாக நின்று, முதலில் அந்த மின்தூக்கியைச் சரிசெய்ய வேண்டும் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

போக நினைப்பவர்கள் சனிக்கிழமை முற்பகலில் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தையற்கடை திறப்பதில்லை. தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பதென்றால் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், அதற்குப் பின் அக்கா புதிய துணிகளை வாங்குவதில்லை.