‘போயிருந்தேன்’ என்றால் வென்ட்டா, ஹேட் கானா?

“நேற்று பேங்க்குக்குப் போயிருந்தேன்.” இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், ‘ஐ ஹேட் கான் டு தி பேங்க் எஸ்டர்டே’ என்று பலருக்கும் வாயில் வந்துவிடும். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழில் ஓர் ‘இரு’ ஒட்டியிருக்கிறதே, அதற்கு ஈடாக ஒரு ‘ஹேட்’ வேண்டாமா என்ற கணக்கு. ஆனால் அங்கே வெறும் ‘வென்ட்’ போதும். ‘ஹேட் கான்’ தனியாக நிற்காது. பழைய கதையிலேயே இன்னொரு சம்பவம் இருந்து, அதற்கும் முன்னால் இது முடிந்திருந்தால்தான் அதற்கு வேலை. நான் ஸ்டேஷனை அடைவதற்குள் ரயில் கிளம்பிவிட்டதா? அப்போது ‘தி டிரெயின் ஹேட் லெஃப்ட்’.

‘ஹேவ்’ வைக்கும் பொறி வேறு மாதிரி. “அவர் நேற்றே வந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியாமல் போச்சு” என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் ‘ஹி ஹேஸ் கம்’ பக்கத்தில் ‘எஸ்டர்டே’ உட்காராது. முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹி கேம் எஸ்டர்டே’தான். நேரம் சொல்லாமல், ஆள் இப்போது இங்கே இருப்பதுதான் சேதி என்றால் ‘ஹி ஹேஸ் கம்’.

‘மதுரைக்குப் போயிருக்கிறார்’ என்பதிலும் இதே குழப்பம். போய் இன்னும் திரும்பாதவருக்கு ‘ஹேஸ் கான்’, எப்போதோ போய் வந்தவருக்கு ‘ஹேஸ் பீன்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.

அடுத்தது ‘வேண்டும்’. இதில்தான் எனக்கு ருசி அதிகம். “அவர் மருந்து சாப்பிட்டிருக்க வேண்டும்” என்று எழுதினால், சாப்பிட்டிருப்பார் என்ற ஊகமா, சாப்பிடாமல் விட்டாரே என்ற குறையா? தமிழில் பேசுபவரின் குரலும் இடமும்தான் சொல்லும். ஆங்கிலம் பிரித்துவிடுகிறது: ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ் டேக்கன்’, குறைக்கு ‘ஷுட் ஹேவ் டேக்கன்’. டாக்டரிடம் மாற்றிச் சொன்னால், சாப்பிடாத மருந்தைச் சாப்பிட்டதாக எடுத்துக்கொள்வார்.

‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’ இரண்டில் எது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ‘மஸ்ட்’டில் பேசுபவரின் அழுத்தம் கொஞ்சம் தூக்கல், ‘ஹேவ் டு’வில் வெளியே உள்ள விதியோ சூழ்நிலையோ கட்டாயப்படுத்துகிறது. பல இடங்களில் எதைப் போட்டாலும் ஓடும். நேற்றைய கட்டாயத்துக்கு மட்டும் ‘ஹேட் டு’.

எதிர்மறையில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. நல்லவேளை, அங்கே தமிழே கைகொடுக்கிறது. ‘வரக் கூடாது’ என்றால் ‘மஸ்ட் நாட்’, ‘வர வேண்டியதில்லை’ என்றால் ‘டோன்ட் ஹேவ் டு’. ‘யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ’ என்று மெயில் அனுப்பினால், லீவு கொடுத்ததாக நீங்கள் நினைப்பீர்கள், வாசலில் கால் வைக்காதே என்று சொன்னதாக அவர் படிப்பார்.

‘முடிந்தது’ என்பதற்கு ‘குட்’ (‘கேன்’ என்பதன் இறந்தகாலம்) போடுவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. சின்ன வயதில் நீந்தத் தெரிந்திருந்தது என்றால் ‘குட் ஸ்விம்’ சரி. நேற்று ஒரு தடவை கஷ்டப்பட்டு டிக்கெட் வாங்க முடிந்தது என்றால் ‘வாஸ் ஏபிள் டு’. கிடைக்கவே இல்லையா? அப்போது ‘குடன்ட்’ தாராளமாகப் போடலாம்.