ஹை-எண்ட் ஆடியோ ஷோரூம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

லட்ச ரூபாய்க்கு மேல் ஸ்பீக்கரும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) விற்கும் கடைகளில் போலிச் சரக்கு மாட்டுவது அபூர்வம். பொருள் அசல்தான். ஏமாற்று வேலை நடப்பது டெமோ அறையில், பில்லில், அப்புறம் சர்வீஸ் கவுன்டரில். திரும்பத் திரும்ப வரும் புகார்களை மட்டும் இங்கே எழுதுகிறேன். கடைப் பெயர் கேட்காதீர்கள். ஒரு கடையோடு முடிகிற கதை இல்லை இது.

முதலில் டெமோ. இரண்டு ஆம்ப்களுக்கு இடையே 1 டெசிபல் வித்தியாசம் இருந்தால் "இது சத்தம் கூடுதல்" என்று நம் காது சொல்லாது. "இதில் குரல் தெளிவு, பேஸ் நல்லா இறங்குது" என்றுதான் சொல்லும். விற்பனையாளருக்கு இது அத்துப்படி. விலை குறைந்ததை முதலில் போடுவார். அடுத்து விற்க வேண்டியதைப் போடும்போது வால்யூம் ஒரு மயிரிழை ஏறியிருக்கும். குமிழைத் தொடாமலேயே இதைச் செய்யவும் வழி உண்டு. பல டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), சிடி பிளேயர்களில் சாதாரண ஆர்சிஏ வெளியீடு 2 வோல்ட், மூன்று முள் உள்ள பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் வெளியீடு 4 வோல்ட். வயரை மாற்றிச் செருகினாலே 6 டெசிபல் ஏறிவிடும். "பேலன்ஸ்டு கனெக்‌ஷன்ல வித்தியாசம் பாருங்க சார்" என்பார். வித்தியாசம் கேட்கத்தான் செய்யும். அது சத்தத்தின் வித்தியாசம்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். போனில் 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஒரே சுருதியில் நிற்கும் ஒலி) ஒன்றும் இருக்கட்டும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கரின் பின்னால் சிவப்பு, கறுப்பு முனைகளில் பிடித்து, முதல் ஆம்பில் 1.00 வோல்ட் வரும்வரை வால்யூமை ஏற்றுங்கள். இரண்டாவது ஆம்பிலும் அதே 1.00. நூறில் ஒரு பங்கு வோல்ட் தவறினாலும் 0.1 டெசிபலுக்குள்தான் இருக்கும், பரவாயில்லை. அதன் பிறகு பாட்டைப் போடச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிட இந்த முறை போதாது. 87 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரே வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கரும் 90 உள்ளதும் ஒரே வோல்ட்டில் 3 டெசிபல் விலகி நிற்கும். பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த இரைச்சல்) ஓட்டி, உட்காரும் இடத்தில் ஒரே போனை ஒரே உயரத்தில் வைத்து, சத்தம் அளக்கும் ஆப்பில் இரண்டையும் சமப்படுத்த வேண்டும். "இதெல்லாம் எங்க கடையில அனுமதி இல்ல" என்று சொன்னால் கிளம்பிவிடலாம்.

அடுத்தது பர்ன்-இன், அதாவது புதுப் பொருளை ஓட்டிப் பழக்குவது. வீட்டுக்கு வந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று போன் செய்தால் "200 மணி நேரம் ஓடணும் சார், அப்புறம்தான் திறக்கும்" என்பார்கள். தினமும் 3 மணி நேரம் கேட்டால் 200 மணி நேரம் ஓட இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அவர்களுக்கு வேண்டியதே அந்த இரண்டு மாதம்தான். புது டிரைவரின் (ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒலி எழுப்பும் கூம்பு) விளிம்பு ரப்பரும் உள்ளே தாங்கும் ஸ்பைடரும் கொஞ்சம் தளர்வது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். கரகரப்பும் ஒரு பக்கம் சத்தம் குறைவதும் பர்ன்-இன்னில் சரியாகாது, அவை பழுது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47): குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் பழுதான பொருளுக்குத்தான் இது. ஒலி பிடிக்கவில்லை என்பதற்குச் சட்டம் உதவாது.

டெமோ பீஸைப் புதுசு என்று தள்ளிவிடுவது பழைய வித்தை. டேப்பை மறுபடி ஒட்டிவிடலாம், திருகு முனையை மாற்ற முடியாது. ஸ்பீக்கரின் பின்புற முனைகளில் தங்கப் பூச்சு தேய்ந்து ஸ்பேடு (வயர் நுனியில் உள்ள கவைத் தகடு) பதிந்த தடம் இருக்கிறதா, அடியில் ஸ்பைக் (கூர்மையான கால்) மாட்டும் மரையில் கீறல் இருக்கிறதா, பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் பின்பக்கத்து எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரீமராக (இணையத்திலிருந்து பாட்டு ஓட்டும் பெட்டி) இருந்தால் கடையிலேயே மின்சாரம் கொடுத்து, முதல் முறை செட்டப் கேட்கிறதா, ஏற்கெனவே யாருடைய வைஃபையாவது பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். டர்ன்டேபிளில் ஊசிதான் முக்கியம். ஒரு ஊசியின் ஆயுள் சுமார் 1,000 மணி நேரம். ஷோரூமில் மாதக்கணக்கில் ஓடியதைப் புதுசென்று கொண்டுவந்தால் முதலில் தேய்வது உங்கள் இசைத்தட்டு. டெமோ பீஸ் வாங்குவதில் தவறே இல்லை. விலை குறையட்டும், "டெமோ பீஸ்" என்று பில்லில் எழுதட்டும், வாரண்டி பில் தேதியிலிருந்து தொடங்கட்டும்.

அதிகம் பேர் மாட்டுவது வெளிநாட்டு சந்தைக்கான சரக்கில். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். "ஸ்டெப்-டவுன் ஃப்ரீயா தர்றோம்" என்று ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் 110 வோல்ட் தரும். 100 வோல்ட் ஆம்ப்புக்கு எப்போதும் பத்து சதவீதம் கூடுதல். நம் ஊரில் லைன் 250-ஐத் தொடும் இரவுகளில் இன்னும் ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் முனகும், ஆம்ப் கொதிக்கும். ஜப்பான் ஆம்ப் வாங்கியே தீர வேண்டும் என்றால் 230-க்கு 100 என்றே சுற்றிய, ஆம்ப்பின் வாட்டைப் போல ஒன்றரை மடங்கு திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் கேளுங்கள்.

வோல்ட்டைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸை டிரான்ஸ்ஃபார்மர் மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றுவது) வைத்த பெல்ட் டர்ன்டேபிள் நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓-க்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடிய பாட்டு மூன்று கட்டைக்கு வந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரம்) அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று கேட்காமல் தொடாதீர்கள். அடாப்டரில் ஓடும் டிசி மோட்டார் என்றால் கவலையில்லை. பழைய ஜப்பான் ட்யூனர்களின் கதை வேறு: அவை 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். சென்னையின் தனியார் எஃப்எம் அத்தனையும் 91-க்கு மேலே!

இந்தியாவில் முறையாக இறக்குமதியான புதுப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதமும் ஆண்டும், புகார் தொடர்பு எண் எல்லாம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 2011 சட்டமுறை எடையளவு விதிகள் கேட்பது அது. அந்த ஸ்டிக்கர் இல்லை, "வாரண்டி நாங்களே பாத்துக்கறோம்" என்ற பேச்சு இருக்கிறது என்றால், வாரண்டி அந்தக் கடையின் ஷட்டர் திறந்திருக்கும்வரைதான். பணம் கொடுக்கும் முன் சீரியல் எண்ணை நிறுவனத்தின் இந்திய டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெயில் அனுப்பி, வாரண்டி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆர்டர் போட்டு வரவழைப்பதாகச் சொல்லி பாதிப் பணம் கேட்டால், மாடல், நிறம், ஜிஎஸ்டி சேர்த்த விலை, கடைசி தேதி, தேதி தவறினால் முழுப் பணம் திரும்ப என்று ரசீதில் வர வேண்டும். ஊழியரின் சொந்த யுபிஐக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

கேபிள் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போகவரச் சேர்த்து 0.08 ஓம்தான் எதிர்ப்பு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. வயரை வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள்: வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்புப் பூச்சு போட்ட அலுமினியம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மூடியைத் திறந்து உள்ளே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் முன்னாலேயே. வாரண்டி சீல் இருந்தால் அவரையே திறக்கச் சொல்லுங்கள். ஜாப் ஷீட்டில் சீரியல் எண், குறை, ரிமோட், பவர் கார்டு, ஏற்கெனவே உள்ள கீறல், எஸ்டிமேட் தொகை, "கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்ற வரி எல்லாம் இருக்கட்டும். பழைய அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கழற்றி மலிவான போலியைப் போட்டால் கடையில் மெதுவாகப் பாடும்போது ஒன்றும் தெரியாது. வீட்டில் 4 ஓம் ஸ்பீக்கரில் வால்யூம் ஏற்றிய அன்று வெடிக்கும், சமயத்தில் ஊஃபரையும் (பேஸ் தரும் கூம்பு) கூட்டிக்கொண்டு போகும். திரும்ப வாங்கும்போது அங்கேயே மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, உள்ளீடு எதுவும் இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில், ஸ்பீக்கர் முனைகளில் டிசி கசிகிறதா என்று அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் எடுத்துக்கொண்டு வரலாம். 100-ஐத் தாண்டினால் கவுன்டரிலேயே விட்டுவிட்டு ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள்.

பேசிப் பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை அங்கேயே விசாரிப்பார்கள், பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கடையில் வாயால் சொன்ன எதையும் அன்றைக்கே "நீங்கள் சொன்னபடி..." என்று வாட்ஸ்அப்பில் அவர்களுக்கே அனுப்பி வையுங்கள். மறுக்காமல் நீல டிக் விழுந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டும் பில்லோடு ஃபைலில் இருக்கட்டும்.