தடுத்ததும் விட்டதும்: டி-மொபைலின் இரண்டு இணைப்புகள்

அமெரிக்காவில் இரண்டு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணையப் போவதாக அறிவித்த மறுநிமிடமே சாதாரண வாடிக்கையாளர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்: பில் ஏறப்போகிறது, அரசும் அதற்கு உடந்தை. பொருளாதாரம் படித்தவர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. பெரிய நிறுவனம் என்றாலே எழும் வெறுப்பு இது, இதற்கு ஆதாரம் ஏது என்பார்கள்.

அது வெறும் வெறுப்புதானா என்று உரசிப் பார்க்க நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஒரே நாடு, ஒரே சந்தை, ஒரே நிறுவனம். 2011இல் அரசு அதன் இணைப்பைத் தடுத்தது. 2020இல் நிபந்தனை போட்டு விட்டுவிட்டது. முதல் தடவை டி-மொபைல் விழுங்கப்பட இருந்தது; இரண்டாவது தடவை அதுவே விழுங்கியது. தடுப்பது, நிபந்தனையோடு விடுவது என்று அரசின் கையில் இருக்கும் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான சோடி எனக்குத் தெரிந்து இல்லை.

2011: தடுத்த கதை

அந்த ஆண்டு மார்ச் 20 அன்று ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம், தன் அமெரிக்கக் கிளையான டி-மொபைலை 3,900 கோடி டாலருக்கு ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. நாடு முழுவதும் சேவை தந்த பெரிய நிறுவனங்கள் அப்போது நான்கு: வெரைசன், ஏடி அண்ட் டி, ஸ்பிரின்ட், டி-மொபைல். இரண்டாம் இடத்தில் இருந்தவர் நான்காம் இடத்தை வாங்கி முதலிடத்துக்குப் போகும் திட்டம் இது.

வாங்குபவர் முன்வைத்த பெரிய காரணம் கிராமப்புறம். புதிதாக வந்துகொண்டிருந்த எல்.டி.இ. எனும் 4ஜி சேவையைத் தனியாக நின்றால் மக்கள்தொகையில் 80 சதவீதத்துக்குத்தான் கொண்டுபோக முடியும், டி-மொபைல் கைக்கு வந்தால் 97 சதவீதத்தை எட்டலாம் என்றது ஏடி அண்ட் டி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் அதன் வழக்கறிஞர்கள் எஃப்.சி.சி. எனப்படும் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று, மறைக்க வேண்டிய வரிகளை மறைக்காமலேயே ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிட்டது. தவறு தெரிந்து எடுப்பதற்குள் பத்திரிகைகள் படித்துவிட்டன. 80 சதவீதத்திலிருந்து 97 சதவீதத்துக்குப் போக ஆகும் செலவு 380 கோடி டாலர் என்று அதில் இருந்தது.

380 கோடியில் முடிகிற வேலைக்கு ஏன் 3,900 கோடி? மீதிப் பணம் எதை வாங்குகிறது? டி-மொபைலின் அலைக்கற்றைக்கும் டவர்களுக்கும் மதிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் போட்டியாளர் ஒருவர் இல்லாமற்போவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதுவும் இந்தத் தொகைக்குள் அடக்கம் என்று மக்கள் அதுவரை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் அந்த ஊகத்துக்குக் கணக்குக் கொடுத்தது.

செல்வாக்கு வேலை செய்த விதமும் அந்த ஆண்டு நன்றாக வெளிச்சத்துக்கு வந்தது. இணைப்பை ஆதரித்து ஆணையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்கள் தொலைத்தொடர்போடு எந்தத் தொடர்பும் இல்லாத தொண்டு நிறுவனங்கள். லூசியானாவில் வீடற்றவர்களுக்குச் சோறும் படுக்கையும் தரும் ஒரு கிறிஸ்தவக் காப்பகத்தின் தலைவர், ஏழை எளியவர்களின் பெயரைச் சொல்லி இந்த இணைப்பை அனுமதிக்கும்படி கேட்டிருந்தார். சில மாதங்களுக்கு முன்பு ஏடி அண்ட் டி தந்த 50,000 டாலர் நன்கொடையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஒருபால் ஈர்ப்பினர் உரிமைக்காக இயங்கும் கிளாட் அமைப்பும் இப்படி ஒரு கடிதம் எழுதியது. அதற்கும் அந்த நிறுவனத்துக்கும் இருந்த பண உறவு வெளியே வந்து, ஜூன் மாதம் அதன் தலைவர் பதவி விலக நேர்ந்தது. காப்பகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் போர்வை வாங்கக் காசு கொடுத்தவருக்கு ஒரு கடிதம் எழுதித் தருவது மனித இயல்பு. அந்த இயல்பை முன்கூட்டியே கணக்கில் எடுத்து நன்கொடை வழங்கியதாகத் தெரிவதுதான் எரிச்சலூட்டுகிறது.

ஆகஸ்ட் 31 காலை ஏடி அண்ட் டி ஒரு வாக்குறுதி கொடுத்தது: இணைப்பு நிறைவேறினால் வெளிநாட்டுக்குப் போன 5,000 கால் சென்டர் வேலைகளை அமெரிக்காவுக்குத் திரும்பக் கொண்டுவருவோம். அதே நாளில் இணைப்பைத் தடுக்கக் கோரி நீதி அமைச்சகம் வழக்குப் போட்டது. நவம்பர் இறுதியில் எஃப்.சி.சி. அதிகாரிகளின் சொந்த ஆய்வறிக்கையும் நிறுவனத்தின் வாதங்களைத் தள்ளியது. டிசம்பர் 19 அன்று ஏடி அண்ட் டி விலகிக்கொண்டது. ஒப்பந்தப்படி டாய்ச் டெலிகாமுக்கு 300 கோடி டாலர் ரொக்கமும், அதோடு டி-மொபைலுக்கு அலைக்கற்றையும் ரோமிங் உடன்பாடும் கொடுக்க வேண்டியதாயிற்று.

தடுத்ததால் என்ன கிடைத்தது? தனியாக நின்றால் பிழைக்காது என்று சொல்லப்பட்ட நிறுவனம், அந்த அலைக்கற்றையை வைத்துக்கொண்டு 2013 முதல் சந்தையைக் கலக்கியது. தலைமைக்கு வந்த ஜான் லெஜியர் வாடிக்கையாளரை இரண்டாண்டுகள் கட்டிப்போடும் ஒப்பந்த முறையை ஒழித்தார். போட்டியாளரிடமிருந்து விலகி வருபவருக்கு, ஒப்பந்தத்தை முறித்ததற்கான அபராதத்தைத் தானே கட்டினார். 2013 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கூடுதல் கட்டணமில்லாத டேட்டா ரோமிங்கை அறிவித்தபோது, விடுமுறைக்குச் சென்னைக்கு வரும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பல அந்த ஒரே காரணத்துக்காக அதற்கு மாறியிருக்கும். மற்ற மூவரும் வேறு வழியின்றிப் பின்தொடர்ந்தார்கள். 2015இல் டி-மொபைல் ஸ்பிரின்ட்டை முந்தி மூன்றாம் இடத்தைப் பிடித்தது.

2020: விட்ட கதை

2018 ஏப்ரல் 29. இப்போது வாங்குபவர் டி-மொபைல். விற்பவர், ஜப்பானின் சாஃப்ட்பேங்க் கையிலிருந்த ஸ்பிரின்ட். மதிப்பு சுமார் 2,600 கோடி டாலர். இதே இருவரும் 2014இல் பேசிப் பார்த்து, ஒபாமா அரசின் அதிகாரிகள் விடமாட்டார்கள் என்று தெரிந்து கைவிட்டிருந்தார்கள். நான்கு மூன்றாகும் கணக்கு மாறவில்லை. மாறியது வாஷிங்டன்.

அறிவிப்பு வந்த மறுநாளே டி-மொபைலின் உயரதிகாரிகள் ஒன்பது பேர் வாஷிங்டனில் இருந்த டிரம்ப் ஹோட்டலின் முக்கிய விருந்தினர் பட்டியலில் இருந்தார்கள். அறிவிப்புக்குப் பிறகு ஓராண்டுக்குள் அந்த ஹோட்டலில் 1,95,000 டாலர் செலவிட்டதாக நிறுவனமே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பு அதன் அதிகாரிகள் அங்கே தங்கியது அபூர்வம். இணைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஹோட்டல் வசதியாக இருந்தது என்றார்கள். இருக்கலாம். ஜனாதிபதியின் குடும்பத்துக்குச் சொந்தமான ஹோட்டல், அவருடைய அரசின் ஒப்புதலுக்காகக் காத்திருந்த மாதங்களில் மட்டும் வசதியாகத் தோன்றியது என்பதை நம்புவதற்கு நல்ல மனசு வேண்டும்.

அதோடு ஆலோசகர்கள். டிரம்ப்பின் முன்னாள் பிரசார மேலாளர் கோரி லெவன்டாவ்ஸ்கி இருந்தார். எஃப்.சி.சி.யின் முன்னாள் குடியரசுக் கட்சி உறுப்பினர் ராபர்ட் மெக்டவல் இருந்தார், ஜனநாயகக் கட்சி சார்பில் அதே ஆணையத்தில் இருந்த மினியன் கிளைபர்னும் இருந்தார். இந்த விஷயத்தில் கட்சி பேதம் கிடையாது.

2019 ஜூலையில் நீதி அமைச்சகம் நிபந்தனைகளோடு சம்மதித்தது. ஸ்பிரின்ட்டின் பூஸ்ட் உள்ளிட்ட ப்ரீபெய்ட் வியாபாரத்தை டிஷ் என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு 140 கோடி டாலருக்கு விற்க வேண்டும். டிஷ் ஏழாண்டுகள் டி-மொபைலின் வலையமைப்பைப் பயன்படுத்திக்கொண்டே தனக்கென்று ஒன்றைக் கட்டி நான்காவது நிறுவனமாக வேண்டும். மறையப்போகும் போட்டியாளரின் இடத்தில் நிற்கப்போகிறவர் ஏழாண்டுகள் மூச்சுவிடுவதற்கே தன் போட்டியாளரின் தயவை நாட வேண்டிய ஏற்பாடு. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

இந்த ஏற்பாடு உருவான விதம் பிறகு நீதிமன்றத்தில் தெரிந்தது. நியூயார்க், கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் இணைப்பை எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்தார்கள். 2019 டிசம்பர் விசாரணையில் வெளிவந்த குறுஞ்செய்திகளில், நீதி அமைச்சகத்தின் ஏகபோகத் தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்த மகான் டெல்ராஹிம், டிஷ் முதலாளி சார்லி எர்கனுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்: உங்களுக்குத் தெரிந்த செனட்டர்களை விட்டு எஃப்.சி.சி. தலைவரிடம் பேசச் சொல்லுங்கள். நடுவராக இருக்க வேண்டியவர் ஆட்டக்காரருக்குச் சிபாரிசு வழியைக் காட்டுகிறார். இதில் லஞ்சம் இல்லை, சட்டமீறல் என்று யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. மக்களின் அவநம்பிக்கை கேட்பது குற்றத்தை அல்ல. யார் யாருக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப முடிகிறது என்பதைத்தான்.

2020 பிப்ரவரி 11 அன்று நீதிபதி விக்டர் மரேரோ இணைப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஸ்பிரின்ட் நீண்ட காலம் தாக்குப்பிடிக்காது, டிஷ் அந்த இடத்தை நிரப்பும், சந்தையைக் கலக்கிய டி-மொபைல் தன் குணத்தை விட்டுவிடாது என்பவை அவர் நம்பிய காரணங்கள். கடைசிக் காரணத்தில்தான் வேடிக்கை இருக்கிறது. அந்தக் குணம் வளர்ந்ததே 2011இல் அரசு தடுத்ததால். தடுத்ததன் பலனே அடுத்ததை அனுமதிப்பதற்குச் சான்றாகப் போனது.

கணக்குப் பார்த்தால்

வேலை விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். இணைப்பால் முதல் நாளிலிருந்தே வேலைகள் கூடும் என்று லெஜியர் எழுதியிருந்தார். 2023 ஆகஸ்டில் டி-மொபைல் 5,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதன் ஊழியர்களில் சுமார் 7 சதவீதம்.

விலை கொஞ்சம் சிக்கலானது. மூன்றாண்டுகளுக்குக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்பது எஃப்.சி.சி.க்குக் கொடுத்த வாக்கு. அந்தக் கெடு முடிந்த அடுத்த ஆண்டு, 2024இல், பழைய திட்டங்களின் கட்டணம் ஒரு லைனுக்கு 2 முதல் 5 டாலர் வரை ஏறியது. 2017இல் 'நீங்களாக மாற்றும் வரை விலை மாறாது' என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். அந்த உறுதிமொழியின் பொடி எழுத்தைப் படித்தால், விலை ஏறி நீங்கள் விலகினால் உங்கள் கடைசி மாத பில்லை நிறுவனம் கட்டும் என்பதுதான் அதன் முழுப் பொருள். விலகிப் போக இன்னும் இரண்டே பெரிய கடைகள் இருக்கும் ஊரில் இந்தச் சலுகைக்கு என்ன மதிப்பு?

டி-மொபைல் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஸ்பிரின்ட் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது உண்மை. அதனிடம் பயன்படாமல் கிடந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை டி-மொபைல் கைக்கு வந்தபின் அதன் 5ஜி வேகம் மற்ற இருவரையும் முந்தியது. இணைப்பால் எந்த நன்மையும் வராது என்று அடித்துச் சொன்னவர்கள் இதில் தோற்றார்கள்.

நிபந்தனை வழியின் உண்மையான சோதனை டிஷ். 2021இலேயே உரசல் தொடங்கிவிட்டது. பூஸ்ட் வாடிக்கையாளர்கள் பலர் நம்பியிருந்த ஸ்பிரின்ட்டின் பழைய சி.டி.எம்.ஏ. வலையமைப்பை 2022 தொடக்கத்தில் மூடப்போவதாக டி-மொபைல் சொன்னது. நீதி அமைச்சகம் கவலை தெரிவித்துக் கடிதம் எழுதியது. கலிபோர்னியாவின் ஒழுங்குமுறை ஆணையம், எங்களிடம் சத்தியம் செய்து சொன்னது வேறு என்று விளக்கம் கேட்டது. கிடைத்தது மூன்று மாத அவகாசம். டிஷ்ஷும் சும்மா இருக்கவில்லை. 2023 ஜூனுக்குள் மக்கள்தொகையில் 70 சதவீதத்துக்கு 5ஜி என்ற கெடுவை எட்டிக் காட்டியது. ஆனால் வாடிக்கையாளர்கள் வரவில்லை, கடன் ஏறியது. 2025 ஆகஸ்டில் அதன் தாய் நிறுவனமான எக்கோஸ்டார், அலைக்கற்றையில் ஒரு பகுதியைச் சுமார் 2,300 கோடி டாலருக்கு ஏடி அண்ட் டி-க்கும், அடுத்த மாதம் இன்னொரு பகுதியைச் சுமார் 1,700 கோடிக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கும் விற்பதாக ஒப்பந்தம் செய்தது. பூஸ்ட் இனி மற்றவர்களின் டவர்களில் ஓடும். காகிதத்தில் பிறந்த நான்காவது நிறுவனம் ஆறாண்டுகளில் காகிதத்துக்கே திரும்பியது.

என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். தடுத்தால், தன் லாபத்துக்காகவே மற்றவரைக் கண்காணிக்கும் போட்டியாளர் ஒருவர் உயிரோடு இருக்கிறார். அரசு தூங்கினாலும் அவர் தூங்க மாட்டார். நிபந்தனை போட்டால், கண்காணிக்கும் வேலை அரசிடமே வருகிறது, அதுவும் செனட்டர்களை விட்டுப் பேசச் சொல்லும் அதே அரசிடம். ஏற்கெனவே பெருத்ததை உடைப்பது என்று மூன்றாவது வழியும் உண்டு. 1984இல் பழைய ஏடி அண்ட் டி-யிலிருந்து ஏழு வட்டார நிறுவனங்களைப் பிரித்தார்கள். அந்த ஏழில் ஒன்றான எஸ்.பி.சி. 2005இல் தாய் நிறுவனத்தையே வாங்கி அதன் பெயரையும் சூடிக்கொண்டது.

2025 கோடையில் டி-மொபைல், யூஎஸ் செல்லுலார் என்ற வட்டார நிறுவனத்தின் கைப்பேசி வியாபாரத்தைச் சுமார் 440 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் கேட்டு நின்றது. ஜூலையில் நீதி அமைச்சகம் வழக்குப் போடவில்லை. மூன்று பெரிய நிறுவனங்களின் பிடி இறுகுவது கவலைக்குரியது என்று நீண்ட அறிக்கை ஒன்றை மட்டும் வெளியிட்டு விசாரணையை முடித்தது. அதே வாரத்தில், பணியிடப் பன்முகத்தன்மைக்கான தன் திட்டங்களைக் கைவிடுவதாக டி-மொபைல் எஃப்.சி.சி. தலைவருக்குக் கடிதம் எழுதியிருந்தது. அந்தத் திட்டங்களை அவர் வெளிப்படையாக எதிர்த்துவந்தவர். ஆணையமும் சில நாட்களில் ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 1 அன்று கொள்முதல் முடிந்தது.