கண்குழிக் கட்டி: சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

ஒரு கண் மட்டும் மெல்லப் பிதுங்கி வருகிறது, கண்குழிக்குள் கட்டியோ என்று டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். எதை எடுப்பது?

எலும்பு: சி.டி.தான். கண்ணீர்ச் சுரப்பியில் வரும் அடினாய்டு சிஸ்டிக் புற்று பக்கத்து எலும்பை அரித்திருந்தால் பளிச்சென்று காட்டிவிடும். மெதுவாக வளரும் சாதுக் கட்டி (புற்றல்லாதது) என்றால் எலும்பு அரிபடாமல் வழவழவென்று குழிந்திருக்கும்.

பார்வை நரம்பு: இங்கே எம்.ஆர்.ஐ. கட்டி நரம்புக்குள்ளேயே வளரும் கிளையோமாவா, உறையில் முளைத்த மெனிஞ்சியோமாவா, மூளைப் பக்கம் நீண்டிருக்கிறதா என்பதெல்லாம் இதில்தான் தெளியும்.

நேரம்: சி.டி. சில நிமிடம். எம்.ஆர்.ஐ. அரை மணிபோல, அசையாமல், அந்த டமடம சத்தத்தில். சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்தே தேவைப்படலாம்.

செலவு: பொதுவாக சி.டி. குறைவு.

ஆபத்து: சி.டி.யில் கதிர்வீச்சு. எம்.ஆர்.ஐ.யில் காந்தம், கண்ணில் இரும்புத்தூள் தெறித்த வெல்டர், உள்ளே எதுவும் தங்கவில்லை என்று உறுதியாகும்வரை அந்தப் பக்கமே போகக்கூடாது.

அவசரம், எலும்புச் சந்தேகம் என்றால் சி.டி. குழந்தை, மங்கும் பார்வை என்றால் எம்.ஆர்.ஐ. சிக்கலான கட்டிக்கு இரண்டும் கேட்பார்கள். அது பணம் பிடுங்கும் வேலையல்ல. என்ன கட்டி என்று உறுதிசெய்வது பெரும்பாலும் பயாப்சிதான் (கட்டியில் துளி கிள்ளி எடுத்துச் சோதிப்பது). ஆனால் கண்ணீர்ச் சுரப்பியில் பிளியோமார்பிக் அடினோமா (ஒரு சாதுக் கட்டி) போலிருக்கிறது என்று ஸ்கேன் சொன்னால் கிள்ளிப் பார்க்காமல் உறையோடு முழுசாக எடுப்பதே வழக்கம். உறை கிழிந்தால் மறுபடி முளைக்கலாம்.