மூணு மணிக்குக் கழற்றி வைக்கிற மாஸ்க்: ஊட்டிக் குளிரில் சிபேப் கருவி

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று கோவையில் பரிசோதனையும் முடித்து, மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவியோடு மலையேறுகிறவர்களில் பலர் முதல் குளிர்காலம் தாண்டுவதற்குள் அதைப் பெட்டியில் போட்டுப் பீரோ மேல் ஏற்றிவிடுகிறார்கள். “மெஷின் ஒத்துக்கலைங்க” என்பதுதான் சொல்லும் காரணம். மெஷினில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. அதற்கு அளவு வைத்தது 400 மீட்டர் உயரத்தில். அது ஓட வேண்டியது 2,240 மீட்டரில், வெளியே உறைபனி விழுகிற ஓர் அறையில். இரண்டு மூன்று வருடம் விடாமல் ஓட்டும்போது எது நிலைக்கிறது, எது காலை வாருகிறது என்பதைப் பற்றியே இந்தப் பகிர்வு. கம்பெனி ஒப்பீடு இதில் இல்லை. எந்த மாடலாக இருந்தாலும் இந்த மலையில் தொல்லை ஒன்றுதான்.

முதலில் இதயக் கணக்கு. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. 10 வினாடியாவது காற்று நின்றால் அது ஒரு நிறுத்தம். நிறுத்தமும் குறைமூச்சும் சேர்த்து மணிக்கு எத்தனை என்பதே ரிப்போர்ட்டில் இருக்கும் ஏஹெச்ஐ. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஒவ்வோர் அடைப்பிலும் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி உடம்பை உலுக்கும், ரத்த அழுத்தம் எகிறும். மூடிய தொண்டையோடு நெஞ்சு மல்லுக்கட்டி மூச்சை இழுக்கும்போது இதய அறைகளின் சுவரும் சேர்ந்து இழுபடும். ஒரு முறை அடிபட்ட இதயம் இதை இரவு முழுக்கத் தாங்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மெஷின் மாட்டினால் இரண்டாவது அட்டாக் வராதா? 2016இல் வெளியான சேவ் ஆய்வில், இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ ஏற்கனவே இருந்த 2,717 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிபேப் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் மாஸ்க் மாட்டியிருந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். 2023இல் சேவ் உட்பட மூன்று ஆய்வுகளில் இருந்த 4,186 பேரின் விவரத்தைச் சேர்த்து அலசியபோது, 4 மணி நேரமோ அதற்கு மேலோ மாட்டியவர்களிடம் அந்த அபாயம் 31 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. ஒழுங்காக மாஸ்க் மாட்டுகிறவர் ஒழுங்காக மாத்திரையும் போடுகிறவராகத்தானே இருப்பார் என்ற சந்தேகம் இதில் முழுசாகத் தீராது. ஆனாலும் இரண்டு மணி நேரம் மட்டும் மாட்டிவிட்டு இதயத்துக்குப் பலன் எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை என்பது தெளிவு.

எந்த மணி நேரம் என்பதும் முக்கியம். கனவு வரும் ரெம் தூக்கம் இரவின் கடைசிப் பங்கில்தான் அதிகம். தசை நன்றாகத் தளர்ந்து தொண்டை மோசமாக அடைபடுவதும் அப்போதுதான். தூக்கப் பரிசோதனை செய்திருந்து, பின்னால் இதயக் காரணத்தால் திடீரென இறந்த 112 பேரைப் பற்றி 2005இல் ஓர் ஆய்வு வந்தது. மூச்சுத்தடை இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தது நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில். இல்லாதவர்களில் அது 21 சதவீதம். பத்து மணிக்கு மாட்டி, மூன்று மணிக்குக் கழற்றி வைப்பவர் ஐந்து மணி நேரம் என்று திருப்திப்பட்டுக்கொள்வார். அவர் விட்டதுதான் அசல் நேரம்.

ஊட்டியில் அந்த மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஜனவரி. அறை 8 டிகிரிக்கு வந்திருக்கும். காற்றை ஈரமாக்க மெஷினோடு இருக்கும் தொட்டியில் சூடான தண்ணீரிலிருந்து ஈரக்காற்று கிளம்பி, கட்டிலோரம் தொங்கும் ஆறடிக் குழாய் வழியே வருகிறது. குழாய் சில்லிட்டுக் கிடப்பதால் ஆவி உட்சுவரில் முத்து முத்தாகக் கோத்து, வழிந்து, குழாய் தாழ்ந்து வளையும் இடத்தில் தேங்கும். முதலில் ஹுக்கா மாதிரி ‘குளுகுளு’ என்று ஒரு சத்தம். பிறகு புரண்டு படுக்கும்போது ஐஸ் தண்ணீர் ஒரு மடக்கு நேரே மூக்குக்குள். அதற்குப் பிறகு யார்தான் மாஸ்க்கைத் திரும்ப மாட்டுவார்? அந்தக் குலுக்கலைக் குறட்டை என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும் ஆட்டோ மெஷின்களும் உண்டு.

எல்லோரும் உடனே செய்வது ஈரப்பதத்தைக் குறைப்பது. தண்ணீர் நிற்கும், நாலே நாளில் மூக்கு காய்ந்து அடைத்து, வாய் திறந்து, காற்று வாய் வழியே ஒழுகும். உறைபனிக் காலத்துக் காற்று ஈரமானது போலத் தோன்றினாலும் அதில் இருக்கும் நீராவி குறைவு. ஈரப்பதம் வேண்டியதே அப்போதுதான். சரியான வழி குழாயைச் சூடாக வைப்பது. ஹீட்டட் டியூப் பொருந்துகிற மெஷின் என்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். 27 டிகிரியில் தொடங்கி, தண்ணீர் கோத்தால் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். இல்லையென்றால் கம்பளித் துணியில் குழாய்க்கு உறை தைத்துப் போட்டு, கம்பளிக்குள்ளேயே அதை ஓட்டிவிடலாம். பழைய ஸ்வெட்டர் கையே போதும். மெஷின் கட்டிலை விடத் தாழ்வான ஸ்டூலில் இருக்க வேண்டும்; கோத்த தண்ணீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்குத் திரும்பும். சிமென்ட் தரையிலும் ஜன்னல் திண்டிலும் வைக்காதீர்கள். ஜூலை மூடுபனியில் கதை மாறும். காற்றே நனைந்திருப்பதால் ஈரப்பத அளவை ஜனவரியில் 4 வைத்த இடத்தில் 2 போதும். விடியும்போது தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மீந்திருந்தால் அளவு சரி.

தொட்டிக்கு மருந்துக்கடை டிஸ்டில்டு வாட்டர். பெட்ரோல் பங்க் பேட்டரித் தண்ணீர் சுவாசத்துக்கு என்று தயாரிப்பது இல்லை, வேண்டாம். தட்டுப்பாடான நாளில் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, வாரம் ஒரு முறை ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கழுவினால் படிவு ஏறாது. தினமும் காலையில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். நேற்றுத் தண்ணீர் மேல் புதுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இன்னொன்று, இந்த மலைக்கே உரியது: சளிக்கு நல்லது என்று தொட்டியில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விடுவது. விடவே விடாதீர்கள். எண்ணெய் ஆவியை எட்டு மணி நேரம் அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் தள்ளுவது வேது பிடிப்பது போல அல்ல. தொட்டியின் பிளாஸ்டிக்கும் விரிசல் விடும். மாஸ்க்கின் உள்பக்கம் தடவுவதும், ஃபில்டரில் விடுவதும் அதே தப்பு.

அடுத்தது குல்லா. மங்கி கேப் போட்டு அதன் மேல் மாஸ்க் பட்டை மாட்டினால், பட்டை கம்பளியில் வழுக்கி, ஒரு மணிக்குள் மாஸ்க் அரை அங்குலம் இறங்கும். ஒழுகும் காற்று கண்ணில் அடிக்கும். காலையில் கண் சிவந்திருந்தால் காரணம் அதுதான். பட்டையை இறுக்குவது தீர்வு இல்லை. சிலிக்கான் விளிம்பு காற்றில் லேசாக உப்பித்தான் முகத்தில் படியும். இறுக்கினால் அது மடிந்து இன்னும் ஒழுகும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். முதலில் பட்டை, அதன் மேல் தளர்வான குல்லா. படுத்த நிலையில், மெஷின் ஓடும்போதுதான் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். உட்கார்ந்து கச்சிதமாக வைத்தது படுத்ததும் மாறிவிடும். பனிவெடிப்புக்கு முகத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுகிறவர்கள் மாஸ்க் படும் இடத்தை விட்டுவிட்டுத் தடவுங்கள். எண்ணெயில் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் பிசுபிசுக்கும்.

மாஸ்க்கைத் தினமும் காலையில் குழந்தை சோப்பில் கழுவினால் போதும். ஆனால் மழைக்காலத்தில் பட்டைத் துணி இரண்டு நாளானாலும் காயாது, மூன்றாம் நாள் பூஞ்சை வாடை அடிக்கும். இரண்டு செட் பட்டை இல்லாமல் இங்கே முடியாது. விளிம்பு ஆறு மாதத்துக்கு மேல் தாங்குவது அபூர்வம். கணப்பு மூட்டுகிற வீட்டில் ஃபில்டர் மாதக் கணக்கு செல்லாது. இரண்டு வாரத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், சாம்பல் நிறம் ஏறியிருக்கும். கதவடைத்த படுக்கையறையில் கரித்தணல் வைத்துக்கொண்டு தூங்குவது மெஷின் இல்லாவிட்டாலும் ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை ஃபில்டர் பிடிக்காது. ஓசோன் பெட்டி வைத்து மெஷினைச் ‘சுத்தம்’ செய்வதும் வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சு பொடிந்து காற்றோடு வரும் அபாயத்துக்காக 2021 ஜூனில் லட்சக்கணக்கான கருவிகள் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டன. ஓசோன் அந்தச் சிதைவை வேகப்படுத்தும் என்று அப்போதே எச்சரித்தார்கள்.

கரண்ட். தென்மேற்கு மழையில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கமும், வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் ஒரு மரம் விழுந்தால் இரவு முழுக்க இருட்டு. மோட்டார் மட்டும் ஓடினால் ஏறக்குறைய 20 வாட். தொட்டி ஹீட்டரும் டியூப் ஹீட்டரும் சேர்ந்தால் 70, 80 வாட்டுக்குப் போகும். 12 வோல்ட் 150 ஆம்பியர் பேட்டரியில் நிம்மதியாக எடுக்கக்கூடியது பாதி, அதாவது 900 வாட் மணி. இன்வெர்ட்டர் தானே தின்பது போக, ஹீட்டிங் இல்லாமல் இரண்டு இரவு ஓட்டலாம். ஹீட்டிங்கோடு ஒரு இரவே இழுபறி. ஆகவே கரண்ட் போனதும் ஹீட்டிங்கை அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவில் அடாப்டர் ரீங்காரமிட்டுச் சூடாகும், ஒரு நாள் போய்விடும். வாயும் மூக்கும் மூடும் மாஸ்க் என்றால், அழுத்தம் போனதும் வெளிக்காற்றுக்குத் திறந்துகொள்ளும் சின்ன வால்வு முழங்கை இணைப்பில் இருக்கும். அதில் படிவு ஒட்டி மடல் அசையாமல் போவதுண்டு. கழுவும்போது விரலால் தள்ளிப் பாருங்கள்.

உயரத்தைப் பற்றி. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. இன்றைய மெஷின்கள் உயரத்தைத் தாமே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கையேட்டில் ஓர் உச்ச உயரம் போட்டிருக்கும். சிலவற்றில் அது ஊட்டியைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடும், வாங்குமுன் பாருங்கள். கைமாறி வந்த பழைய மெஷினில் உயரத்தைக் கையால் வைக்க வேண்டியிருக்கும். வைக்காவிட்டால் அழுத்தம் 10 என்று காட்டி 8 தரும். பரிசோதனைக்கும் இது பொருந்தும். மேலே விழித்திருக்கும்போதே ஆக்சிஜன் சற்றுக் குறைவு என்பதால் சின்னத் தடைக்கும் மளமளவென்று இறங்கும். ஒரே ஆளுக்குக் கோவையில் வருகிற ஏஹெச்ஐ வேறு, இங்கே வருவது வேறு. தூங்கப்போவது இங்கே என்றால் வீட்டுப் பரிசோதனைப் பெட்டியை மேலே கொண்டுவந்து ஓர் இரவு பார்ப்பது மேல். அன்று விரல் கிளிப்பின் மேல் ஒரு சாக்ஸ் மாட்டுங்கள். சில்லிட்ட விரலில் சிக்னல் விட்டுவிட்டுப் போய், ரிப்போர்ட் குழம்பும்.

உயரம் இன்னொரு வேலையும் செய்யும். தொண்டை திறந்தே இருக்க, மூளையே மூச்சுவிடு என்று சொல்ல மறக்கும் நிறுத்தம். திரையில் ‘சிஏ’ என்று வரும். இதயம் பலவீனமானவர்களுக்கும் இது வரும். இதற்கு அழுத்தத்தை ஏற்றினால் கூடவே செய்யலாம். முதல் சில வாரம் வந்து அடங்கினால் பயமில்லை. தொடர்ந்து மணிக்கு 5க்கு மேல் நின்றால் டாக்டரிடம் போக வேண்டும். நன்றாக இருந்தவருக்குத் திடீரென சிஏ ஏறி, அதே வாரம் எடை இரண்டு கிலோ கூடி, காலும் வீங்கினால், அது மாஸ்க் பிரச்சினை அல்ல. இதயத்தில் நீர் கோக்கிறது, அன்றே போங்கள். ஏஎஸ்வி என்ற மேம்பட்ட மெஷினை யாராவது சிபாரிசு செய்தால் முதலில் எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். இதயத்தின் பம்பிங் அளவு 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த, இந்த வகை மூச்சுநிறுத்தம் உள்ளவர்களிடம் அது மரணத்தைக் கூட்டியதை 2015இல் சர்வ்-ஹெச்எஃப் ஆய்வு காட்டியது.

சிபேப் ஆக்சிஜன் மெஷின் இல்லை. அறைக் காற்றைத்தான் அழுத்துகிறது. வாடகை ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை மூக்கில் மாட்டினால் அடைப்பு விலகாது. 2014இல் இரண்டையும் ஒப்பிட்டபோது இரவு ஆக்சிஜன் ரத்த அழுத்தத்தைக் குறைக்கவில்லை, சிபேப் குறைத்தது. அந்தக் குறைவும் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை எதையும் மெஷினை நம்பி நிறுத்த முடியாது. குளிருக்கு என்று போடும் ஒரு பெக் தொண்டையை இன்னும் தளர்த்தும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கீழே செக்கப்புக்கு இறங்கும்போது மெஷினையும் கொண்டுபோனால், தொட்டியைக் கழற்றி, கவிழ்த்து, துடைத்துத் தனியாக வையுங்கள். கொண்டை ஊசி வளைவில் மிச்சத் தண்ணீர் மோட்டாருக்குள் போய்ச் செத்துப்போகும் மெஷின்தான் இங்கே சர்வீசுக்கு வருவது. மெஷினே வேண்டாம் என்றால் அதன் பதிவுகள் இருக்கும் எஸ்டி கார்டு போதும். அதை ஈசிஜி, எக்கோ இருக்கும் ஃபைலிலேயே போட்டுக்கொண்டு இதய டாக்டரிடமும் கொடுங்கள். பார்க்கச் சொல்ல வேண்டியவை நான்கு: கடைசி மூன்று மாதத்தில் 4 மணி நேரம் தாண்டிய இரவுகள், மெஷின் மாட்டியும் மிச்சமிருக்கும் ஏஹெச்ஐ 5க்குள் இருக்கிறதா, ஒழுகல், சிஏ. இரவு வாரியான வரைபடத்தையும் திறக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள் என்பது அதில் நிமிடத்தோடு இருக்கும்.