எருதின் இதயம்: எட்டுக் கோடைகளில் ஒரு தக்காளி இனத்தை வளர்த்துத் தெரிந்தெடுத்த அனுபவம்

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் 2017 முதல் 2024 வரை எட்டுக் கோடைகள் இதய வடிவத் தக்காளியை விடாமல் பயிரிட்டிருக்கிறேன். முதல் விதையைத் தந்தவர் பக்கத்து வீட்டு இத்தாலிய மூதாட்டி. கைதுடைக்கும் தாளில் ஒட்டி உலர்ந்திருந்த ஒன்பது விதைகளை அவர் சொன்னபடியே தாளோடு கிழித்து நட்டேன். அவர்கள் மொழியில் இதற்குக் குவோரே தி புவே, அதாவது எருதின் இதயம், என்று பெயர். ரஷ்யர்களும் பிரெஞ்சுக்காரர்களும் தத்தம் மொழியில் அதே பொருளில்தான் அழைக்கிறார்கள். இத்தாலியின் லிகூரியா மாநிலத்து அல்பெங்காவில் இப்பெயரால் வழங்கும் பழம் ஆழமான மடிப்புகளோடு, வாய் சுருக்கிய பணப்பை போல இருக்கும். எனக்குக் கிடைத்ததோ மடிப்பில்லாமல் தோள் அகன்று நுனி கூம்பிய, 300 முதல் 450 கிராம் வரை நிறைகொண்ட இளஞ்சிவப்புப் பழம்.

இதைப் புதிதாக வளர்ப்பவர்களை முதலில் கலங்க வைப்பது இலைதான். மற்றத் தக்காளிகளின் இலை விரிந்து நிற்க, இதன் இலை மெலிந்து, நுனி தொங்கி, பல நாள் தண்ணீர் காணாததுபோலத் தோன்றும். அது இந்த இனத்தின் இயல்பு. முதல் ஆண்டில் அது தெரியாமல் மாலைதோறும் தண்ணீர் விட்டதால் இரண்டு கன்றுகள் வேரழுகிப் போயின. இப்போது விரலை மண்ணில் இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாதபோது மட்டும் ஆழமாக நீர் பாய்ச்சி, அடியில் வைக்கோல் மூடுகிறேன். காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் இதனாலேயே குறைந்தது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் நீர் ஒழுங்காகக் கிடைக்காவிட்டால் அது காய்க்குப் போய்ச் சேர்வதில்லை.

மார்ச் கடைசி வாரத்தில் வீட்டுக்குள் விதைத்து, மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்ரோறியா தின விடுமுறை கழிந்து வெளியில் நடுகிறேன். அக்காலத்து இரவுக் குளிரில் முதற்கொத்தில் இரண்டு மூன்று பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறக்கும். அவற்றிலிருந்து வரும் காய் பெரிதாக இருக்கும், ஆனால் கோணலாகவும் தழும்போடும் இருக்கும். ஆகையால் அந்தப் பூக்களைக் கிள்ளிவிடுகிறேன். ஒரு செடியின் வடிவத்தை இரண்டாம், மூன்றாம் கொத்தைப் பார்த்தே மதிப்பிட வேண்டும். பழம் கைக்கு வர ஓகஸ்ட் நடுப்பகுதி ஆகிவிடும் என்பதால், விரைவில் பலன் வேண்டுபவர்களுக்கு இந்த இனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தெரிந்தெடுக்கும் வேலை ஒரு பிழையிலிருந்து தொடங்கியது. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் என்று நம்பி, 2018இல் கரும்பழத் தக்காளி ஒன்றை இரண்டடி தள்ளி நட்டு, பூக்களை மூடாமலே விதை எடுத்தேன். அடுத்த ஆண்டு முளைத்த ஆறு செடிகளில் ஒன்று தட்டையான, பருத்த சிவப்புப் பழம் தந்தது. எங்கள் செடியின் சில பூக்களில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி, மகரந்தப்பைகள் சேர்ந்த குழாய்க்கு வெளியே எட்டிப் பார்ப்பதை அதன் பிறகே கவனித்தேன். தேனீக்கு அது போதும். அந்த ஆண்டிலிருந்து, இங்கே கல்யாண வீடுகளில் பலகாரம் இட்டுக் கொடுக்கும் மெல்லிய வலைப்பையை விதைக்கான கொத்துகளுக்குக் கட்டிவருகிறேன்.

அந்தக் கலப்புச் செடியை வீசாமல் விதை எடுத்ததை நல்ல முடிவாகவே கருதுகிறேன். 2020இல் அதன் பிள்ளைகள் பதினான்கில் மூன்று கரும்பழம், நான்கு கூம்பிய பழம். இரண்டும் சேர்ந்தது ஒன்றே ஒன்று; அதன் வழியையே தொடர்ந்து வளர்த்தேன். பழுத்த பின்னும் பச்சையம் அழியாமல் தங்கிச் சிவப்போடு கலப்பதால் அந்தக் கருநிறம் வருகிறது. அதற்கான மரபணு ஒடுங்கியது. இரு பெற்றோரிடமிருந்தும் கிடைத்தால்தான் வெளிப்படும், வெளிப்பட்ட பின் தன்மகரந்தத்தில் மறையாது. எனவே நிறத்தைப் பற்றிய கவலை அன்றே தீர்ந்தது. அளவும் சுவையும் பழம் வெடிக்கும் குணமும் அப்படியல்ல. ஆண்டுதோறும் எட்டுச் செடிகள் நட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து பழங்களை நிறுத்துச் சுவைத்துக் குறித்துவைத்தேன். தொடக்கத்தில் மிக அழகான ஒற்றைப் பழத்தில் விதை எடுத்தேன். ஒரே செடியின் பழங்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபுதான் என்பதால், செடி முழுவதையும் பார்த்து முடிவெடுப்பதே சரி என்று 2022இல் மாறிக்கொண்டேன்.

ஒரு பழத்தில் முப்பது, நாற்பது விதைகளே தேறும். சாற்றோடு மூன்று நாள் புளிக்கவிட்டு, மேலே ஆடை படர்ந்ததும் அலசி, பீங்கான் தட்டில் பரப்பி உலர்த்துகிறேன்.

சமையலைப் பொறுத்தவரை சாறு குறைவாதலால் ரசத்துக்கு இது ஏற்றதில்லை. சட்னிக்கும் குழம்புக்கும் இதற்கு இணையாக நான் வேறொன்றைச் சொல்ல மாட்டேன். பாதி நேரத்திலேயே வற்றித் திரண்டுவிடும். வெட்டினால் நடுவில் வெற்றிடமோ வழுவழுப்போ இல்லாமல் இறைச்சித் துண்டு போல முழுச் சதையாக இருக்கும்.

ஆறாம் தலைமுறையிலும் தோளைச் சுற்றி வெடிக்கும் குறை முற்றாகப் போகவில்லை. ஆகையால் 2024இல், செப்டெம்பர் மழைக்குப் பிறகும் தோள் வெடிக்காத ஒரே செடியிலிருந்துதான் விதை எடுத்தேன். அதன் பழங்களின் நுனி மற்றவற்றைவிடச் சற்று மழுங்கியிருக்கிறது.